59 நாட்கள்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க 300 டாலரை பிட்காயினில் செலுத்துங்கள், மூன்று நாள் தாண்டினால் 600 டாலர், ஒரு வாரம் தாண்டினால் எதுவும் மிஞ்சாது என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் நோயாளியின் பதிவேடு திறக்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைகளில் இருந்த கணினிகளும் சிக்கின. ஐந்து மருத்துவமனைகள் தங்கள் அவசரப் பிரிவுக்கு வந்த ஆம்புலன்ஸ்களை வேறிடங்களுக்குத் திருப்பிவிட்டன. மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள்.

வான்னக்ரை என்று பெயரிடப்பட்ட அந்தத் தாக்குதல் சில நாட்களில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தொட்டது. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இங்கிலாந்தில் மட்டும் 236 மருத்துவமனைக் குழுமங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் தந்த அறிக்கையின் மதிப்பீட்டின்படி, ரத்தான சிகிச்சைகளும் மருத்துவர் சந்திப்புகளும் 19,000-க்கு மேல். புற்றுநோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவசரமாக வரச் சொல்லப்பட்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு.

என்னை இன்றும் தொந்தரவு செய்வது இந்த எண்ணிக்கையை விட ஒரு தேதிதான். விண்டோஸில் அந்தத் தாக்குதல் உள்ளே நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டுவிட்டது. மார்ச் 14-க்கும் மே 12-க்கும் இடையே 59 நாட்கள். அவற்றில் ஏதேனும் ஒரு நாளில் அந்த அப்டேட்டை ஏற்றிக்கொண்டு ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகியிருந்த கணினியை, அந்தக் கிருமியால் அந்த வழியாகத் தொட முடியவில்லை. மனிதர்கள் மருந்து கண்டுபிடிக்கப்படாத நோயால் இறப்பது ஒரு துயரம். மருந்து வந்து, வாசலில் வைக்கப்பட்டு, யாரும் எடுக்காமல் கிடக்கும்போது நோய் பரவுவது வேறு வகைத் துயரம். இரண்டாவதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு அப்டேட் வெளியாகும் நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பலரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அப்டேட் வந்துவிட்டது, ஆபத்து குறைந்தது, நேரம் கிடைக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். போட்டுக்கொண்டவருக்குத்தான் ஆபத்து குறைகிறது. போடாதவருக்கு அன்றுதான் கூடுகிறது. ஏனென்றால் நிறுவனம் வெளியிடும் திருத்தம் திருடனுக்கும் கிடைக்கிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. நேற்றுவரை ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த பலவீனம் இன்று ஊரறிந்ததாகிவிடுகிறது.

வான்னக்ரையில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்து, எடர்னல்புளூ என்ற பெயரில் ஆயுதமாக்கி வைத்திருந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. அது அவர்களிடமிருந்து களவுபோய், ஷேடோ புரோக்கர்ஸ் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு கும்பலால் ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கொட்டப்பட்டது. பூட்டை உடைக்கும் கருவியே பொதுவெளியில் கிடைத்த பிறகும் நான்கு வாரங்கள் இருந்தன. ஒரு குடிமக்கள் சமூகம் தன் அரசுகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே ஒன்று இருக்கிறது: கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு பொருளில் குறை இருப்பது தெரிந்தும் அதை வாய்திறவாமல் வைத்திருந்து தன் உளவுக்குப் பயன்படுத்த ஓர் அரசுக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் அந்த வழக்கு தீரும்வரை நம் கணினியைத் திறந்து போட்டிருக்க முடியாது.

மருத்துவமனைகள் ஏன் தாமதித்தன? அங்கே இருந்தவர்கள் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகளோடு வரும் கணினிகளைக் கருவி விற்ற நிறுவனத்தின் ஒப்புதலின்றித் தொட முடியாது. தொட்டால் உத்தரவாதம் போய்விடும், கருவி தவறான அளவு காட்டினால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். இரவு பகல் ஓயாத ஒரு வார்டில் கணினியை அரை மணி நேரம் நிறுத்துவதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும். காசும் இல்லை, இருந்த காசு படுக்கைக்கும் மருந்துக்கும் போனது. இவையெல்லாம் உண்மை. ஆனால் தணிக்கை அறிக்கை இன்னும் சில உண்மைகளையும் பதிவு செய்திருக்கிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து 2015 ஏப்ரலுக்குள் மாறிவிடத் திட்டமிடுங்கள் என்று 2014-லேயே கடிதம் போயிருந்தது. 2017 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இந்தக் குறிப்பிட்ட ஓட்டையை அடைக்கச் சொல்லி எச்சரிக்கை போயிருந்தது. தாக்குதலுக்கு முன்பு 88 குழுமங்களை நேரில் போய்ச் சோதித்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடிதம் அனுப்புபவர் அனுப்பினார், பெறுபவர் பெற்றார், கோப்பில் போட்டார்கள். அது நடந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வேலை யாருடையதாகவும் இல்லை.

மனிதரின் நினைவையும் ஓய்வையும் நம்பிப் பாதுகாப்பை விட்டால் இதுதான் நடக்கும் என்பது 2017-க்கு வெகுமுன்பே தெரிந்த பாடம். 2003 ஜனவரி 25 அன்று, கணினிக்குக் கணினி தானே பரவும் ஸ்லாமர் என்ற புழு, பத்தே நிமிடங்களில் உலகில் தன்னால் பிடிக்கக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிட்டது. அதற்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. அதே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற இன்னொரு புழு வந்தது. அதற்கான திருத்தம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இடைவெளி சுருங்கியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை அப்டேட் நாளாக்கியது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவரைத் தானே இயக்கி வைத்ததோடு, தானியங்கி அப்டேட்டை ஆன் செய்துகொள்ளுங்கள் என்று நிறுவும்போதே கேட்டது. இலவச இயங்குதளமான லினக்ஸிலும் அந்த வழி வந்தது. இன்று அதன் ஒரு வகையான உபுண்டுவை நிறுவினால் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கி ஏற்றிக்கொள்ளும் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே இயங்குகிறது.

புழுவகைத் தாக்குதலில் ஒருவரின் அலட்சியம் அவரோடு நிற்பதில்லை. நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஏரிக்கரையை ஊரே கூடிப் பராமரித்த வழக்கம் எதற்காக வந்தது? தன் பங்குக் கரையை ஒருவர் கட்டாமல் விட்டால் நீர் அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு எல்லார் வயலுக்குள்ளும் போகும். ஒரே அலுவலக வலைப்பின்னலில் நாற்பது கணினிகள் இருந்து, அவற்றில் மூலையில் கிடக்கும் பழைய பிரிண்டர் கணினி ஒன்று அப்டேட் ஆகாமலிருந்தால் போதும். வான்னக்ரை அதன் வழியாக வந்து மற்றவற்றின் கதவுகளைத் தட்டிப் பார்த்து, அப்டேட் ஆகாதவற்றில் நுழைந்தது.

இந்த இடத்தில் ரீஸ்டார்ட் பற்றி ஒரு வார்த்தை. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பலருடைய பாதுகாப்பு இங்கேதான் அறுந்து நிற்கிறது. அப்டேட் இறங்கிவிட்டது, ஏறிவிட்டது, திரையின் கீழே ரீஸ்டார்ட் கேட்கிறது, பிறகு என்று தள்ளிவிடுகிறோம். அந்த நிலையில் கணினிக்குள் நடப்பது இது: ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை விண்டோஸ் மாற்ற முடியாது, மாற்ற வேண்டியவற்றை ஓரமாக எடுத்துவைத்து, அணைத்துத் திறக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகக் காத்திருக்கிறது. லினக்ஸில் கோப்பு உடனே மாறிவிடும், ஆனால் ஏற்கெனவே நினைவகத்தில் ஏறிவிட்ட பழைய நிரல் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டிலும் விளைவு ஒன்றுதான். திருத்தம் வட்டில் இருக்கிறது, ஓட்டை நினைவகத்தில் இருக்கிறது. மூடியைச் சாத்திவிட்டுத் தூங்க வைத்து, காலையில் திறந்து வேலை பார்க்கும் லேப்டாப்புகள் மாதக்கணக்கில் இப்படியே இருக்கின்றன. எந்த நேரத்தில் வேலை பார்க்கிறோம் என்பதை ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் சொல்லிவைத்தால், அந்த நேரம் தவிர்த்து விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். பாதித் தட்டச்சில் கணினி அணைந்துவிட்டது என்ற கோபத்தில் அப்டேட்டையே முடக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

தானியங்கி அப்டேட்டை நம்ப மறுப்பவர்களுக்கும் காரணங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. வான்னக்ரை வந்த அடுத்த மாதமே, 2017 ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல் உக்ரைனில் அப்டேட் வழியாகவே வந்தது. அந்நாட்டு நிறுவனங்கள் வரி கட்டப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் அனுப்பும் சர்வரைத் தாக்குதல்காரர்கள் பிடித்துக்கொண்டு, அதன் வாடிக்கையாளர்கள் நம்பித் திறந்துவைத்திருந்த வாசல் வழியாகவே நஞ்சை அனுப்பினார்கள். டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையத்தில் வேலை நின்றது. அந்த நிரல் கணினியிலிருந்து கடவுச்சொற்களையும் திருடிப் பரவியதால், அப்டேட் செய்து வைத்திருந்த கணினிகளும் தப்பவில்லை.

2024 ஜூலை 19 இன்னொன்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் பிழை. அதைத் திரும்பப் பெறுவதற்குள் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணினிகளின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அது விண்டோஸின் அப்டேட் இல்லை என்பது சரி. ஆனாலும் தானாக வந்து தானாக ஏறும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு. இதற்கு முறையான தற்காப்பு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் ஒரு சிறு பகுதிக்கு அனுப்பி, சிக்கலில்லை என்று கண்டபின் விரிப்பது. அந்த ஒழுங்கை அந்தக் கோப்புக்கு அவர்கள் கடைப்பிடிக்கவில்லை. இத்தனை கணினிகளுக்குள் ஒவ்வொரு முறையும் கேட்காமலே நுழையும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர், அதற்கேற்ற கவனத்தோடு இருக்கவில்லை.

மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு நம்பிக்கையைக் கரைத்தது. 2015-16-இல் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களைக் கேட்டும் கேளாமலும் விண்டோஸ் 10-க்கு இழுத்துப்போக அந்த அப்டேட் வழியையே பயன்படுத்தியது. பாதுகாப்புத் திருத்தம் வரும் குழாயில் விற்பனையையும் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பினால், பயனர் குழாயையே மூடிவிடுவார். அப்படித்தான் பலர் மூடினார்கள். இது வியாபாரத் தந்திரமென்று மன்னிக்கக்கூடியதாக எனக்குப் படவில்லை. பாதுகாப்புத் திருத்தம் தனியாகவும் புதிய வசதிகள் தனியாகவும் வர வேண்டும். முதலாவதை ஏற்க இரண்டாவதை விழுங்க வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு தானியங்கி அப்டேட் ஆன் ஆகவே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். நூற்றுக்கணக்கான கணினிகளை நிர்வகிக்கும் ஒரு நிறுவனம், முதலில் சிலவற்றில் போட்டுப் பார்த்து, சில நாட்களுக்குள் எல்லாவற்றிலும் போடும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். அதற்கு ஆள் இருக்கிறது. வீட்டிலும் கடையிலும் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த ஆள் இல்லை. அவர் காத்திருந்து பார்க்கப்போகிறேன் என்று சொல்வது நடைமுறையில் ஒருபோதும் போடப்போவதில்லை என்றே முடிகிறது. கெட்ட அப்டேட் எப்போதாவது வருகிறது, வந்தால் உலகமே அதைப் பற்றிப் பேசி அன்றைக்கே தீர்வு சொல்கிறது. அடைக்கப்படாத ஓட்டை தினமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

நம் ஊர்க் கடைத்தெருவில் ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை வைத்த ஒரு கடையின் கணினியை உற்றுப் பாருங்கள். முகப்புத் திரை முழுக்கக் கோப்புகள். ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், யாரோ ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். போன மாதம் வந்தவருடையது, போன வருடம் வந்தவருடையது எல்லாம் அப்படியே இருக்கும். வாட்ஸாப் வெப் திறந்தே இருக்கும். எல்லார் பென்டிரைவும் அதே துளையில் ஏறி இறங்கும். அந்தக் கணினியில் விண்டோஸ் பெரும்பாலும் கள்ள நகல். அசெம்பிள் செய்து கொடுத்தவர் கிளம்பும்போதே, "அண்ணே, அப்டேட் மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, கிராக் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். கடைக்காரர் அந்தச் சொல்லை வேதவாக்காகக் கடைப்பிடிக்கிறார். ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குபவரிடம் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து அசல் விண்டோஸ் வாங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். பிரவுசர், பி.டி.எஃப்., ஸ்கேன், பிரிண்ட் என்று அந்தக் கடையின் பெரும்பாலான வேலை அதில் ஓடும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலேயே பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பு, மக்களின் எல்லாச் சான்றிதழ்களையும் இணையத்துக்கு மாற்றி, இந்தக் கடைகளின் வாசலில் அவர்களை வரிசையில் நிற்க வைத்த அரசுகளுக்கு இருக்கிறது.

அந்தக் கடைக் கணினி பூட்டப்பட்டால் கடைக்காரருக்கு ஒரு நாள் வருமானம் போகும். அதிலிருந்து அந்தக் கோப்புகள் வெளியே போனால், யாருடைய பெயரில் கடன் வாங்கப்படும், யாருடைய ஆவணத்தில் சிம் கார்டு எடுக்கப்படும் என்று எவருக்கும் தெரியாது. நூறு நாள் வேலைக்காகவோ முதியோர் ஓய்வூதியத்துக்காகவோ ஆதாரை நீட்டிய அந்த அம்மாவுக்கு அப்டேட் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் அதை வாங்கி ஸ்கேன் செய்தவர்.

இன்னொரு கெடுவும் கடந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால், நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. அவை நாளைக்கும் வழக்கம்போல் திறக்கும், தமிழில் தட்டச்சு செய்யும், பிரிண்ட் எடுக்கும். ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. புதிய ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் சேர்ந்துகொண்டே போகும். கைபேசியிலும் இதே கதைதான். வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் நாம், எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்பதில்லை. சில விலையுயர்ந்த மாடல்களுக்கு ஏழு ஆண்டு தருவதாக கூகுளும் சாம்சங்கும் 2023-24-இல் அறிவித்தன. யு.பி.ஐ.யில் காய்கறி வாங்கும் விலை குறைந்த ஃபோன்களுக்கு அந்தக் காலம் மிகக் குறைவு. நம் பணம் இருப்பது அந்த ஃபோனில்.

உங்கள் கணினியில் செட்டிங்ஸ் திறந்து விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், கடைசியாக எந்தத் தேதியில் அப்டேட் ஏறியது என்று பாருங்கள். ரீஸ்டார்ட் காத்திருந்தால் வேலையைச் சேமித்துவிட்டு இன்றிரவே கொடுங்கள். முக்கியமான கோப்புகளை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்; சொருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். பிறருடைய சான்றிதழ்களைக் கையாளும் கடையோ அலுவலகமோ நடத்துபவராக இருந்தால், வேலை முடிந்த கோப்புகளை அன்றன்றே அழித்துவிடுங்கள். அந்த ஆவணங்கள் உங்களுடையவை இல்லை.